பெண் குரல் என்று எழுதிய கோப்பை

நாற்காலி கொள்ளாமல் நடுவிலே வீற்றிருக்கும் எங்கள் வெள்ளிவிழாத் தலைவர், செராமிக் யூனிட் முதலாளி ஐயா கொளஞ்சிநாதன் அவர்களே! ஆயுதபூஜைப் பொரியையும் கடலையையும் மடியில் கட்டிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! களிமண்ணைக் கையில் எடுத்தால் கரண்டு கம்பத்துக்குப் பீங்கானாகவும், கல்யாண வீட்டுக்குக் கோப்பையாகவும், கொலுப் படிக்குப் பொம்மையாகவும் ஆக்கித் தரும் என் தொழிலாளத் தோழர்களே! மங்கலம்பேட்டையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்திருக்கும் பாய்மார்களே! நல்லூரிலிருந்தும் நம்ம பக்கத்து மங்களூரிலிருந்தும் ஒன்பது மணி பஸ்ஸை நம்பி வந்திருக்கும் பெரியோர்களே! மதில்மேல் ஏறி விசிலடிக்கும் வீரத் திலகங்களே! மணிமுத்தா மெல்லிசைக் குழுவின் அறிவிப்பாளன் பழமலைநாதன், கை கூப்பி, தலை தாழ்த்தி, தொண்டையைச் செருமி உங்களை வணங்குகிறேன்.

யாரது, "பேசினது போதும், பாட்டு போடு"ங்கறது? போடறேன் சாமி, போடறேன். பாட்டு போட முடிந்தால் நான் ஏன் பேசிக்கொண்டிருக்கப் போகிறேன்?

மேடையை நன்றாகப் பாருங்கள். டிரம்ஸ் இருக்கிறது, பக்கிரி அண்ணன் இருக்கிறார். கீபோர்டு இருக்கிறது, அன்பரசன் இருக்கிறார். ஆண் குரல் கொளஞ்சியப்பன் காலையிலிருந்து தேன் குடித்துவிட்டுத் தயாராக இருக்கிறார். ஆனால் அந்த ஓரத்து மைக் மட்டும் ஆளில்லாமல் நிற்கிறதே, கவனித்தீர்களா? அதற்குரிய அம்மையார் கீழே மூன்றாவது வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மேடை ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். காரணம் வேறு யாருமல்ல, நான்தான்.

என்ன செய்தேன் என்று சொல்கிறேன். அதற்கு முன் இந்தக் குழுவின் இருபத்தைந்தாண்டு இசைப் பயணத்தை உங்கள் முன் இரண்டு வார்த்தையில் விரிக்க வேண்டும்.

பக்கிரி அண்ணன் ஆதியில் யார்? கல்யாண ஊர்வலத்தில் சித்திரை வெயிலிலும் சிவப்புக் கோட்டு போட்டுப் பேண்டு வாசித்தவர். டிஸ்கோ வந்தது, உட்கார்ந்து அடிக்கும் டிரம்ஸ் செட்டுக்கு மாறினார். முதல் கச்சேரி, கல்யாண மண்டபம். நாலாவது பாட்டு பாதியில் இருக்கிறது. வாசல் வழியே மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்புகிறது. பழக்கதோஷம் விடுமா? ஒரு டிரம்மைக் கழற்றித் தோளில் மாட்டினார், ஊர்வலத்தின் பின்னாலேயே அடித்துக்கொண்டு போய்விட்டார்! கொளஞ்சியப்பன் மேடையில் தாளமில்லாமல் கையைத் தட்டித் தட்டிப் பாடி முடித்தார். சிரிக்காதீங்க அண்ணே, ஊரே பார்த்ததுதானே?

அந்தக் கொளஞ்சியப்பன் தெருக்கூத்தில் ராஜா வேஷம் கட்டியவர். மைக்கில்லாமல் அடுத்த ஊருக்குக் கேட்கும் குரல். அவரிடம் மைக்கைக் கொடுத்த முதல் மாதமே மூன்று ஸ்பீக்கர் கிழிந்தது. அன்பரசன் மாதா கோயிலில் ஆர்கன் வாசித்துப் பழகியவர். எவ்வளவு பெரிய குத்துப் பாட்டாக இருந்தாலும், முடிக்கும்போது ஜெபம் முடிப்பது போல நீட்டித்தான் முடிப்பார். ஆடிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்று கும்பிட்டிருக்கிறான். மங்கலம்பேட்டை பாய் ஒருவர் துபாயிலிருந்து ஒரு கீபோர்டு கொண்டுவந்து கொடுத்தார். அதில் அரபு தாளத்துக்கு ஒரு பொத்தான். அமுக்கினோம், சிக்கிக்கொண்டது. அந்த ஆடி மாதம் முழுக்க மாரியம்மன் பாட்டெல்லாம் அரபு தாளத்தில்தான் நடந்தது. ஆத்தாளும் கோபிக்கவில்லை, ஜனங்களும் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

டிஸ்கோ போனது, கானா வந்தது. கானாவுக்குப் பின்னால் ராப் வந்தது. கேசட்டு போய் சி.டி. வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் நாங்கள் தடுமாறினோம், தடம் மாறினோம், சில நேரம் தலைகுப்புற விழுந்தோம். தடுமாறாத ஒரே ஆள் அந்த மூன்றாவது வரிசை அம்மையார். ஆடியில் அம்மன் பாட்டு, மார்கழியில் கிறிஸ்துமஸ் பாட்டு, பாய் வீட்டு நிக்காஹ் விருந்தில் நபி புகழ், தேர்த் திருவிழாவில் டூயட்டு, கானாவில் எதிர்ப்பாட்டு. பத்தொன்பது வருஷம்! பகலில் யூனிட்டில் வேலை, மாலையில் மேடையில் பாட்டு.

அவருக்கு யூனிட்டில் என்ன வேலை தெரியுமா? சூளையிலிருந்து வரும் கோப்பையை விரலால் சுண்டிப் பார்ப்பது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் அந்தக் காதுக்குத் தெரிந்துவிடும். அவர் "சரி" என்று வைத்த கோப்பை இதுவரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நான் சொல்வது சரிதானே, தலைவர் அவர்களே? பாருங்கள், தலையாட்டுகிறார்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். சினிமாவில் எந்தப் பாடகி பாடினாரோ, அவர் பெயரைச் சொல்லி, "அவரது தேன்குரலில்" என்றுதான் எந்த அறிவிப்பாளனும் பாட்டை ஆரம்பிப்பான். நானும் அப்படியேதான். நோட்டீஸில்? ஆரம்பத்தில் பாட வந்த பெண்கள் ஆறு மாதத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டிருந்தார்கள். எதற்கு வம்பு என்று, "பெண் குரல்" என்று மட்டும் அச்சடித்தேன். இந்த அம்மையார் வந்தார், நிலைத்து நின்றார். நோட்டீஸ் மட்டும் மாறவில்லை.

வெள்ளிவிழாவுக்கு ஆளுக்கொரு பீங்கான் கோப்பை, அதில் அவரவர் பெயர் என்று தலைவர் அன்போடு அறிவித்தார். பெயர்ப் பட்டியல் கேட்டார்கள். எழுதச் சோம்பல்பட்டு, இந்தக் கூமுட்டை என்ன செய்தான் தெரியுமா? பழைய நோட்டீஸைக் கொடுத்தான்! அதைப் பார்த்து எழுதுகிறவர் எழுதினார், சூளை சுட்டது. டிரம்ஸ் பக்கிரி. கீபோர்டு அன்பரசன். ஆண் குரல் கொளஞ்சியப்பன். கடைசியாக ஒரு கோப்பை: பெண் குரல்.

அந்தக் கோப்பையைச் சுண்டிப் பார்க்க யார் கைக்குப் போயிருக்கும்? நீங்களே சொல்லுங்கள்!

நேற்று நான் யூனிட்டுக்குப் போனேன். "என்னம்மா, கப்பெல்லாம் எப்படி வந்திருக்குது?"ன்னு கேட்டேன்.

"நல்லா வந்திருக்குதுண்ணே. சத்தம் சுத்தமா இருக்குது. யாருண்ணே அது, பெண் குரலு?"

நான் சிரித்துக்கொண்டே, "நீதாம்மா" என்றேன். என் வாயில் மண்ணைப் போட!

"எங்க வூட்ல எனக்கு ஒரு பேரு வெச்சாங்கண்ணே" என்றார். அந்தக் கோப்பையை வைக்கோல் சுற்றித் தானே பெட்டியில் வைத்தார். "ஆயுதபூஜைக்கு வரேன். கீழ உக்காந்து பாக்கறேன். பெண் குரலயே மேல ஏத்திப் பாட வையுங்க. நாளன்னைக்கு மணவாளநல்லூரு போயி, கொளஞ்சியப்பர் கோயில்ல உங்க மேல பிராது கட்டறேன்" என்றார்.

வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். உள்ளூர்க்காரன் எவனாவது சிரிக்கிறானா பாருங்கள்! போலீஸில் புகார் என்றால் கையைக் காலைப் பிடித்துச் சமாதானம் பேசலாம். கொளஞ்சியப்பரிடம் குறையைக் காகிதத்தில் எழுதிக் கட்டிவிட்டால் சாமியே விசாரணைக்கு வருவார். நான் எங்கே போய் ஒளிவேன்?

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தினால் மட்டுமல்ல. பத்தொன்பது வருஷத்தில் எத்தனை பேரை இந்த வாய் கூப்பிட்டிருக்கிறது! மொய் வைத்தவர் பெயரைச் சொன்னேன். மாலை போட்டவர் பெயரைச் சொன்னேன். தொலைந்துபோன சாவிக்குச் சொந்தக்காரர் பெயரைக்கூட மூன்று முறை சொன்னேன். பாடியவர் பெயரை ஒரு முறை சொன்னேனா? வெட்கமாக இருக்கிறது. இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை தலைவரிடம் ஓடினேன். சூளை பார்க்கும் விருத்தகிரி அண்ணன் புதுக் கோப்பையில் பெயரை எழுதி, சின்னக் கரண்டு சூளையில் வைத்தார். வைத்த அரை மணியில் கரண்டு போனது! இந்த இரண்டாயிரத்தெட்டாம் வருஷத்தில் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? மத்தியானம் மறுபடி போட்டார். நன்றாக ஆறுவதற்கு முன் சூளையைத் திறந்தால் கோப்பை விரிசல் விடும். அதனால்தான் தோழர்களே, நான் பேசிக்கொண்டேயிருக்கிறேன். பெயரை இப்போதே சொல்லேன் என்கிறீர்களா? அம்மையார் இங்கே வந்ததும் அவரிடம் அதைத்தான் கேட்டேன். "இத்தினி வருஷம் பொறுத்தேன். கப்புல வந்தப்புறம் சொல்லுங்க"ன்னு உத்தரவு.

அவர் கேட்பதில் என்ன தப்பு? உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பாடியது யார்? உங்கள் பிள்ளையின் காதுகுத்தில் பாடியது யார்? மழை கொட்டி நாற்காலியெல்லாம் காலியான பிறகும், சாமி மட்டும் நனைந்துகொண்டு நின்ற அன்று, பாட்டைப் பாதியில் விடாமல் பாடி முடித்தது யார்? சினிமாப் பாடகியா வந்தார்? நோட்டீஸா பாடியது? ஊருக்கெல்லாம் பாடிய ஒருத்தியின் பெயர் ஊருக்குத் தெரிய வேண்டாமா? வேண்டுமா, வேண்டாமா? பத்தலை, இன்னும் சத்தமாக!

அதோ, மொபெட் சத்தம்! வழி விடுங்க, வழி விடுங்க. விருத்தகிரி அண்ணே, பார்த்து! துண்டில் சுற்றிக் கொண்டுவருகிறார். குடுங்கண்ணே... அப்பப்பா, சுடுது! தலைவர் அவர்களே, மன்னிக்கணும், நான் கீழே இறங்குகிறேன். மைக்செட்டு தம்பி, வயரைக் கொஞ்சம் வுடுப்பா.

பெரியோர்களே, தாய்மார்களே, இந்தக் கோப்பையில் சுட்ட எழுத்தில் என்ன இருக்கிறது என்று வாசிக்கிறேன். பத்தொன்பது வருஷம் தாமதமாக வாசிக்கிறேன். விருத்தாசலம் பூங்கோதை! இன்னொரு முறை சொல்கிறேன், விருத்தாசலம் பூங்கோதை!

கைதட்டலை நிறுத்துங்க, கொஞ்சம் நிறுத்துங்க! அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. கோப்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். காதோரம் கொண்டுபோகிறார். எல்லாரும் சத்தம் போடாதீங்க, சுண்டப் போகிறார்.

கேட்டதா? மைக்கில் எல்லாருக்கும் கேட்டதா? என்னம்மா பூங்கோதை, என்ன சொல்ற?

"விரிசல் இல்லண்ணே."

எழுந்துவிட்டார்! பக்கிரி அண்ணே, உக்காந்தே அடிங்க! அந்தப் பழைய கோப்பையை நான் வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போறேன், இனிமே தெனம் காலையில டீ எனக்கு அதுலதான். பொறுத்திருந்த தலைவருக்கும், விரல் சுட்டுக்கொண்ட விருத்தகிரி அண்ணனுக்கும், விசிலடித்த மதிலுக்கும் என் நன்றி. இனி இந்த மைக் பூங்கோதையுடையது, வணக்கம்!