பதினாலாவது கேள்வி

இல்ல ஜட்ஜம்மா, மறந்துபோய் விடல. வேணும்னுதான் விட்டேன். ஜூரிக்கு ஆள் எடுக்குற இந்தப் படிவத்துல பதிமூணு வரைக்கும் எழுதியிருக்கேன், பதினஞ்சுல இருந்து மறுபடி எழுதியிருக்கேன், நடுவுல பதினாலு மட்டும் வெள்ளையா இருக்கு. இதுக்கு முன்னால ஜூரியில, அதான் கேஸைக் கேட்டுத் தீர்ப்பு சொல்ற அந்தப் பன்னெண்டு பேர்ல ஒருத்தரா உக்காந்ததுண்டா, உண்டுன்னா தீர்ப்பு என்னன்னு ரெண்டே வரிக் கேள்வி. அதுக்குத்தான் என்னைத் தனியா உங்க ரூமுக்கு வரச் சொன்னீங்க. சொல்றேன். ஆனா வாத்திச்சிகிட்ட சின்னக் கேள்வி கேட்டா சின்ன பதில் வராது, அது உங்க தலையெழுத்து.

ஆமா, எழுபத்தொண்ணு முடிஞ்சிருச்சு. எழுபது தாண்டினவங்க முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போகலாம், தெரியும். அந்தக் காகிதத்தை நீங்க நைசா என் பக்கம் நகர்த்துறதையும் பாத்துட்டுத்தான் இருக்கேன். நல்ல மனசு. அது அங்கியே இருக்கட்டும்.

வேலையா, தத்துவம். காலேஜ்ல இருந்து ரிட்டயர் ஆகி அஞ்சு மாசம். நீங்களாவது சிரிக்கிறீங்க, வெளிய கேட்டப்ப அந்த சர்க்கார் வக்கீல் தம்பி சிரிக்கக்கூட இல்ல. என்ன தத்துவம்னு கேட்டாரு. நல்லது கெட்டது, அப்புறம் கறுப்பு வெள்ளை, ரெண்டும் மனுஷங்க நடந்துக்குற விதத்துல எப்படித் தெரியுதுன்னு பாக்குறதுன்னேன். திரிஞ்ச பாலை மோந்த மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டாரு. டை நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்லல. இதுக்கு முன்னால ஆறு தடவை ஜூரிக்குக் கூப்பிட்டிருக்கீங்க. ஆறு தடவையும் இதே மூஞ்சி, ஆறு தடவையும் வேண்டாம்னு அனுப்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருந்தேன்.

எங்கம்மாவுக்கும் அப்படித்தான் ஒரு சந்தேகம். லாண்டரியில இஸ்திரி போட்ட பொம்பளை. யோசிக்கிறதுக்கா சம்பளம் தர்றாங்க, நாங்கல்லாம் சும்மாவே யோசிச்சமேடின்னு கேக்கும். சர்ச் பாஸ்டர் அதுக்கும் மேல. என்னைக் காட்டி, சிஸ்டர் வெர்னெல் பெட்டவே சந்தேகப்படுறதையே உத்தியோகமா வச்சிருக்காங்க, அவங்களுக்காக ஜெபிப்போம்பாரு. நானும் ஆமென் சொல்லிட்டு, பொரிச்ச கோழியில ஒரு துண்டு கூடுதலா எடுத்துக்குவேன்.

டிபார்ட்மென்ட்ல முப்பது வருஷம் கறுப்பினத்து ஆளுன்னு இருந்தது நான் ஒருத்திதான். எதைப் பத்திப் பேசினாலும் கடைசியில மத்த பதினோரு தலையும் என் பக்கம் திரும்பும். வெர்னெல், இதைப் பத்தி உங்க மக்கள் என்ன நினைக்கிறாங்கன்னு ஒருநாள் ரொம்ப மரியாதையா கேட்டாங்க. காப்பி மெஷின் வாங்குறதைப் பத்தின கூட்டம் அது. எல்லாரையும் கலந்துக்கிட்டு வந்து சொல்றேன்னுட்டேன். ஒரு வாரம் காத்திருந்தாங்க, பாவம்.

சரி சரி, பதினாலுக்கு வர்றேன். நீங்க பேனாவைத் தட்டுறது கேக்குது.

நாப்பத்திநாலு வருஷம் நான் சொல்லிக் குடுத்தது ஒரே விஷயம்தான். நம்பிக்கைங்கறது மண்டைக்குள்ள பூட்டி வச்சிருக்குற சாமான் இல்ல. எதை நம்பி நீ ஒரு அடி எடுத்து வைப்பியோ, அதுதான் உன் நம்பிக்கை. நம்ம ஏரி ஜனவரியில உறையுதுல்ல, கரையில நின்னுக்கிட்டு ஐஸ் கெட்டியா இருக்கு, தாராளமா போகலாம்னு ஒருத்தன் சொல்லுவான். நான் அவன் வாயைப் பாக்கமாட்டேன், கால் எங்க இருக்குன்னு பாப்பேன். எனக்கு நிற வித்தியாசமே கிடையாதுங்கற நல்லவங்க எந்தத் தெருவுல வீடு வாங்குறாங்கன்னு பாருங்கன்னு ஒரு புஸ்தகமே எழுதினேன். நிறைய நல்லவங்களுக்குக் கோவம்.

போன மே மாசம் எனக்கு வழியனுப்பு விழா. டிபார்ட்மென்ட் தலைவர் எந்திரிச்சு, இவங்க வேலைக்கு இன்டர்வியூ வந்த அன்னைக்கே சொன்னதுன்னு அந்த ஐஸ் கதையை எடுத்துவிட்டாரு. சொன்னபடியே வாழ்ந்தவங்கன்னாரு. எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுறாங்க. நான் கேக்கைத் தட்டுலயே வச்சுட்டேன்.

ஏன்னா அந்த இன்டர்வியூ ஒரு சனிக்கிழமை காலைல. அதுக்கு நான் வெள்ளிக்கிழமை அஞ்சரை மணி பஸ்ஸைப் பிடிச்சாகணும். அந்த வாரம் பூரா வேற ஒரு ஊர்ல, இந்த மாதிரி ஒரு கோர்ட்ல, ஜூரியில உக்காந்திருந்தேன். வயசு இருபத்தேழு. அங்கயும் பன்னெண்டு பேர்ல நான் ஒருத்திதான் கறுப்பு. டெல்பர்ட்னு ஒரு பையன், பத்தொம்பது வயசு, எங்க ஆளு. ரேடியோக் கடையை உடைச்சுத் திருடினான்னு கேஸ். ஓடினவனோட முதுகைத்தான் கடைக்காரர் பாத்திருக்காரு. அதை வச்சு இவன்தான்னுட்டாரு. இவன் இல்லைன்னு நான் நம்பினேன். பன்னெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் தீர்ப்பு, ரெண்டு நாள் தலையாட்டாம உக்காந்திருந்தேன். அந்தப் பதினோரு பேரும் மிரட்டல, ஒரு வார்த்தை தப்பாப் பேசல. டோனட் குடுத்தாங்க. நீங்களும் சரின்னுட்டா எங்க மனசுக்கும் ஒரு நிம்மதின்னாங்க. சுவத்துக் கடிகாரத்துல நாலே கால். குற்றவாளிதான்னு நானும் கையைத் தூக்கிட்டேன். வெளிய வந்ததும் அந்த ஜட்ஜு ஒவ்வொருத்தரா கேட்டாரு, இது உங்க தீர்ப்பான்னு. ஆமான்னேன். அந்தப் பையன் பன்னெண்டு பேர்ல என்னை மட்டும்தான் பாத்துக்கிட்டு இருந்தான்.

பஸ் கிடைச்சுது. ஜன்னலோர சீட்டு. மறுநாள் என்னைக் கேட்டாங்க, நம்பிக்கைன்னா என்னன்னு. அன்னைக்கு என்னைவிட நல்லா அதை யாரு சொல்லியிருக்க முடியும்.

நாலு வருஷம் போட்டாங்க அவனுக்கு.

அப்புறம் ஆறு தடவை இந்தக் கேள்வி வந்துச்சு. ஆறு தடவையும் இல்லைன்னு எழுதினேன். ஒழுக்கம் சொல்லிக் குடுத்துக்கிட்டே. தப்புதான், அதையும் குறிச்சுக்குங்க. இந்தத் தடவைதான் கை வரல.

இப்ப எழுதுங்க. முன்னால உக்காந்திருக்கேன். தீர்ப்பு, குற்றவாளி. இப்ப விசாரணைக்கு வெளிய உக்காந்திருக்கிற பையனோட கேஸ்ல என்னைச் சேக்குறதும் அனுப்புறதும் உங்க இஷ்டம். அவனை விட்டுருவேன்னு சொல்லல. அவன்தான் செஞ்சான்னு எனக்குப் பட்டா அதையும் சொல்லுவேன். எத்தனை நாள் இழுத்தாலும் பரவால்ல, ஜட்ஜம்மா. எனக்குப் பிடிக்க வேண்டிய பஸ் எதுவும் இல்ல.