பக்தாவர் சிங் பாட்டை நிறுத்திய இடங்கள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் கலை மன்றத் தலைவர் ஃபக்ருதீன் பாய் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, முதல் ஷிப்டு முடிந்த கையோடு சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருக்கும் தோழர்களே, வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு வந்து நிற்கும் ஓட்டுநர் நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் வீட்டுப் பெண் மன்தீப் அவர்களே, உங்கள் அனைவருக்கும் மன்றச் செயலாளர் கமலக்கண்ணனின் வணக்கம்.

பஞ்சாபின் நாட்டுப்புறப் பாடகர், நம் மன்றத்தின் ஆயுள் உறுப்பினர், நம்மில் பாதிப் பேருக்கு ரொட்டி போட்டவர், சர்தார் பக்தாவர் சிங் அவர்கள் மறைந்து இரண்டு வாரம் ஆகிறது. நெஞ்சு அடைக்கிறது என்று தாபாவின் கயிற்றுக் கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. முந்தாநாள் வரை இந்த மேடைக்கென்று நான் வேறொரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். ‘நம்மை எல்லாம் ஆட வைத்த மாமனிதர்’ என்று அதில் ஒரு வரி. எழுதியபோது எனக்கே பிடித்திருந்த வரி. இன்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

சிங் அண்ணன் யார்? நமக்கு அவர் சூளகிரி தாபாக்காரர். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து பாடுகிறவர். அதற்கு மேல் நமக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததில் பாதி இந்த வாரம் தெரிந்துகொண்டது.

லூதியானாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அங்கே அறுவடை முடிந்த வயலில் ஜனங்கள் வட்டமாக உட்காருவார்கள், நடுவில் நின்று பாட வேண்டும். ஆணும் பெண்ணும் ஜோடியாகப் பாடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அவன் ஒரு வரியில் கேட்பான், அவள் அடுத்த வரியில் பதில் சொல்வாள். சிங் அண்ணனோடு பாடியவர் அவருடைய மனைவி பல்பீர் கௌர். அந்த ஜோடி வரவேண்டும் என்பதற்காகக் கல்யாணத் தேதியைத் தள்ளி வைத்த வீடுகள் உண்டாம். அவர்களுடைய கேசட்டுகள் லாரிகளில் ஏறி நாடு முழுக்கப் போயிருக்கின்றன. அவர் கையில் இருந்த ஒற்றைக் கம்பி வாத்தியத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்த ஒரு கம்பியை வைத்துக்கொண்டு ஊரையே உட்கார வைத்தவர்கள் அவர்கள் இருவரும்.

எண்பதுகளில் அங்கே கலவரம் மூண்டது. பெண் மேடையேறிப் பாடக் கூடாது என்று சிலர் வீட்டு வாசலுக்கே வந்து மிரட்டினார்கள். நீங்கள் வேண்டுமானால் பாடுங்கள் என்று அண்ணனிடம் சொன்னார்கள். அவள் இல்லாமல் எனக்கு எதற்குப் பாட்டு என்று அவர் ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். நம் ஊருக்கு வந்து லாரித் தொழிற்சாலையிலிருந்து சேஸிஸ் எடுத்துப் போகும் ஓட்டுநரானார். நமக்குத் தெரியும், வெளியூர்ப் பெரியவர்களுக்காகச் சொல்கிறேன். சேஸிஸ் என்றால் எஞ்சின், சக்கரம், ஸ்டீயரிங், உட்கார ஒரு பலகை. கூரை கிடையாது, கதவு கிடையாது. வெயிலும் மழையும் முகத்தில் விழ ஜலந்தர் வரைக்கும் ஓட்டிப்போய் ஒப்படைத்துவிட்டு ரயிலில் திரும்புவார். “மூடுன லாரில பாடுனா எனக்கு மட்டும்தான் கேக்கும் கண்ணா. இதுல பாடுனா ரோட்டோரம் நிக்கறவனுக்கும் கேக்குது” என்று என்னிடம் சிரித்திருக்கிறார்.

பிறகு சூளகிரியில் தாபா போட்டார். ராயக்கோட்டை மண்டியில் தெலுங்கில் பேரம் பேசித் தக்காளி வாங்குவார், லாரிக்காரர்களிடம் கன்னடம், நம்மிடம் தமிழ். நம் ஆலை ஒன்று கதவடைத்துக் கிடந்த காலத்தில், யார் வந்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கட்டளை போட்டவர் அவர். நன்றி சொல்லப் போன என்னை ஏசினார். “எங்கூர் கோயில்லயே சோறு போடுவோம். இதப் போயி பெருசா பேச வந்துட்ட” என்றார். நம் மன்றத்தின் பம்பை வாத்தியக்காரர் ஆஞ்சப்பன் வீட்டுக் கல்யாணத்தன்று ஜவளகிரிக்குப் பஸ் வராமல் போனபோது, லாரியில் ஜமுக்காளம் விரித்து மாப்பிள்ளை வீட்டாரைக் கொண்டு சேர்த்தவரும் அவர்தான்.

அந்தத் தாபாவின் அடுப்படியில் பல்பீர் அம்மா நின்றார். தோழர்களே, நாம் எத்தனை தடவை அங்கே போயிருப்போம்? சூடாக இன்னொரு ரொட்டி கேட்டோம். வெங்காயம் கேட்டோம், பச்சை மிளகாய் கேட்டோம். அம்மா, நீங்கள் பாடுவீர்களா என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா? அடுப்புப் புகையில் நிற்கும் அந்தப் பெண்மணியின் குரலுக்காக ஓர் ஊரே காத்துக் கிடந்தது என்பது நமக்குத் தெரியவே தெரியாது. மஞ்சள் காமாலையில் அவர் இறந்தபோது அவர்கள் மகள் மன்தீப் சின்னக் குழந்தை. நாமும் போனோம், மாலை போட்டோம், வந்துவிட்டோம். நம் ஊர் மண்ணில் அவர் ஒரு வரிகூடப் பாடாமல் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்குத்தான் சிங் அண்ணனை முதன்முதலாகப் பாடக் கூப்பிட்டோம். அன்றிலிருந்து வருஷம் தவறாமல் வந்தார். வருஷம் தவறாமல் நாம் ஆடினோம். பஞ்சாபிப் பாட்டு என்றால் தோளைக் குலுக்கி ஆடுவதற்கு என்றுதான் நமக்குத் தெரியும். அவர் எதைப் பாடினாலும் ஆடினோம். அதிலும் ஒரு பாட்டு வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். சில வரிகள் பாடுவார், சட்டென்று நிறுத்துவார். வாத்தியமும் நிற்கும். மறுபடி பாடுவார், மறுபடி நிறுத்துவார். அந்த இடைவெளி எல்லாம் நமக்காகத்தான் விட்டது என்று நினைத்தோம். விசில் பறக்கும். ஆஞ்சப்பன் பம்பையில் புகுந்து விளையாடுவார். போன வருஷம் அண்ணன் அவர் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். இன்னும் வேகமாக அடிக்கச் சொல்கிறார் என்று நினைத்து ஆஞ்சப்பன் வேகமாக அடித்தார். அவரை யாரும் குறை சொல்ல வேண்டாம். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்ஸ்மோர் என்று கத்தியது நான்.

அன்று மேடையேறுவதற்கு முன்னால் அண்ணன் என்னிடம் வந்தார். “கண்ணா, இந்தப் பாட்டு என்ன சொல்லுதுன்னு ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் பாடட்டுமா?” என்றார். “டைம் இல்லண்ணா. ஷிப்டு பஸ்ஸு கெளம்பிடும், நீங்க நேரா பாட்டுக்கு வந்துடுங்க” என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தாலாவது எனக்கு உறைத்திருக்கும்.

முந்தாநாள் மன்தீப் என் வீட்டுக்கு வந்தாள். அப்பாவும் அம்மாவும் பாடிய கேசட்டுகள் எல்லாம் தேய்ந்து, நாடா அறுந்து போய்விட்டன. அப்பா குரலைக் கேட்க வேண்டும் போல் இருக்கிறது, ஆயுத பூஜைக்கு எடுத்த சிடியைக் கொடுங்கள் மாமா என்றாள். பெருமையாக எடுத்துப் போட்டேன். படம் ஓடியது. அண்ணன் வாயசைக்கிறார். கேட்பதெல்லாம் விசில், பம்பை, என் கூச்சல். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள் கேட்டாள்:

“மாமா, இதுல எங்கப்பா எங்க?”

நான் சவுண்டைக் கூட்டினேன். கூட்டினால் விசில்தான் கூடியது. அதற்குப் பிறகுதான் அவள் சொன்னாள்.

“அது ஜோடிப் பாட்டு மாமா. அவரு வண்டி கட்டி டவுனுக்குக் கெளம்பறாரு. ஒனக்கு என்ன வாங்கியாரட்டும்னு பொண்டாட்டியக் கேக்கறாரு. நிறுத்தறாரு இல்ல, அந்த எடமெல்லாம் அம்மா பாடறது. அம்மாக்குச் சின்னக் கொரலு, வாத்தியம் அமுக்கிடும்னு அவங்க பாடறப்ப அப்பா கம்பியத் தொடவே மாட்டாரு. அம்மா போனதுக்கப்புறமும் அந்த எடத்த விட்டுட்டுத்தான் பாடுவாரு. வீட்டுல பாடுனாலும் அப்பிடித்தான். நானும் சும்மா ஒக்காந்திருப்பேன்.”

அன்பர்களே, உனக்கு என்ன வாங்கி வரட்டும் என்று செத்துப்போன மனைவியைக் கேட்டுவிட்டு ஒரு மனிதர் நம் கண்ணெதிரே காத்துக்கொண்டு நின்றார். வருஷா வருஷம் நின்றார். நாம் விசில் அடித்தோம். தெரியாமல்தான் செய்தோம் என்கிறீர்களா? எனக்கும் அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள ஆசைதான். ஆனால் அவர் சொல்ல வந்தார், நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். நானும் விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன். புது ஊரில் நம் பேச்சை யாரும் காது கொடுத்துக் கேட்காவிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்த நானே இதைச் செய்தேன். அந்தப் பெண்ணுக்கு அப்பாவின் குரல் என்று இந்த ஊரில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு சிடிதான். அதிலும் அவர் குரலை நாம் விட்டுவைக்கவில்லை.

மன்றத்தின் சார்பில் இரண்டு உறுதி சொல்கிறேன். இனி நம் மேடையில் எந்த மொழிப் பாட்டானாலும், பாட வந்தவர் பொருள் சொல்லி முடித்த பிறகுதான் முதல் தட்டு விழும். பஸ் கிளம்பினால் கிளம்பட்டும், நடந்து போவோம். இன்னொன்று, ஓட்டுநர் நண்பர்களே, இது உங்களால்தான் முடியும். லூதியானா பக்கம் போகும்போதெல்லாம் தாபாக்களில் கேளுங்கள், மெக்கானிக் கடைகளில் கேளுங்கள். பக்தாவர் சிங்கும் பல்பீர் கௌரும் பாடிய கேசட் எங்கே ஒன்று கிடந்தாலும் இந்தப் பெண் கையில் கொண்டுவந்து சேருங்கள். அது கிடைக்கும்வரை நானும் உங்கள் வண்டிகளில் ஏறி வருவேன்.

வழக்கமாக இந்த இடத்தில் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம். இன்று யாரும் எழ வேண்டாம். அந்தப் பாட்டில் அப்பாவின் வரிகளை மட்டும் பாடுவதாக மன்தீப் சொல்லியிருக்கிறாள். அம்மாவின் வரிகள் அவளுக்குத் தெரியும், ஆனால் பாட மாட்டாளாம். அப்பா கடைசியாகக் கேட்கும்போது பல்பீர் அம்மாவின் பதில் இதுதான் என்று அவள் சொன்னாள்: எனக்கு ஒன்றும் வேண்டாம், பொழுது சாய்வதற்குள் நீ வந்தால் போதும்.

அவள் நிறுத்துகிற இடங்கள்தான் இன்று நம் மௌன அஞ்சலி. பாட்டு முடிந்த பிறகும் யாரும் கை தட்ட வேண்டாம். வா மன்தீப், பாடு. இந்தத் தடவை நாங்கள் பல்பீர் அம்மாவைப் பாட விடுகிறோம்.