எரிமலையில் போட்ட துண்டு

கிருஷ்ணகிரி பஸ் சூளகிரியைத் தாண்டும்போது முன் சீட்டு அம்மா சொன்னது காதில் விழுந்தது. "எங்க வீட்டுக்காரரு துண்டு ஒண்ணு எரிமலையில இருக்குது, புள்ள."

நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"எந்த எரிமலை, அக்கா?" என்றாள் பக்கத்துப் பெண்.

"இந்தோனேசியாவுல. சின்னவனைக் கம்பெனி அங்க அனுப்புச்சில்ல, அப்ப எங்களயும் கூட்டிட்டுப் போனான். மலை வாயில பொகை, பட்டாசு வெடிச்ச நாத்தம். அந்த மலைதான் அந்த ஊருக்காரங்களுக்குச் சாமி. காய், கோழின்னு உள்ள வீசறாங்க. பக்கத்துலயே டூரிஸ்ட்டுங்க செல்ஃபி எடுக்கறாங்க. இவரும் ஒரு முட்டைக்கோசு வாங்கி, தோள் துண்டுல முடிஞ்சு வீசிட்டாரு."

"அய்யோ, எரிஞ்சு போச்சா?"

"எங்க எரிஞ்சுது? வீசறதைப் புடிக்க உள்சரிவுல வலையோட ஆளுங்க நிக்கறாங்க. ஒருத்தன் லபக்குனு புடிச்சு, கோசைப் பையில போட்டுட்டு, துண்டைத் தலையில கட்டிக்கிட்டான். புதுத் துண்டாச்சேன்னு நான் கத்தறேன், இவரு விழுந்து விழுந்து சிரிக்கறாரு."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவரு துணிமணியெல்லாம் காரியத்தன்னிக்குத் தென்பெண்ணை ஆத்துல விட்டாச்சு. அது ஒண்ணை மட்டும் அந்த ஆளு இன்னும் கட்டிக்கிட்டிருப்பான்."