கையெழுத்துப் போட்டுவைத்த தாள்கள்

“அண்ணி, பத்திரிகைத் தபால் வந்தாச்சா?”

“வந்தாச்சு. உனக்கெதுக்கு? போய்க் குழந்தைக்குப் பால் ஆத்து.”

“சும்மாதான் கேட்டேன். நல்ல கதை ஏதாவது வந்திருக்கா?”

“வந்தா உங்கண்ணன் சொல்லுவார்.”

அவர் சொல்லத்தான் செய்தார். நான்தான் அவளிடம் சொல்லவில்லை.

காலஞ்சென்ற என் கணவரின் காகிதங்களுக்குப் பட்டியல் போட நூலகத்திலிருந்து வந்திருக்கும் உங்களுக்கு, ஓர் உறை ஏன் குறைகிறது என்று தெரிய வேண்டும். நியாயம்தான். அது என் மடியில் இருக்கிறது.

அவர் பகலில் இலக்கியப் பேராசிரியர், மாலையில் பத்திரிகை ஆசிரியர். வருகிற கதைகளின் மூலையில் பென்சிலால் ‘எடு’ அல்லது ‘வேண்டாம்’ என்று எழுதுவார். அதன்படி கடிதம் எழுதுவது நான். ஒவ்வொரு தடவையும் நான் போய் நிற்க வேண்டாமென்று, வெற்றுத் தாள்களில் இருபது இருபதாகக் கையெழுத்துப் போட்டுவைத்துவிடுவார். கதைகளை நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை.

ஒருநாள் முன்பின் தெரியாத பெயரில் ஒரு கதை. அதில் ஓர் அண்ணி உப்பு ஜாடியைத் திறந்துபோட்டுவிட்டு, கையிலிருக்கும் மூடியை வீடெல்லாம் தேடுகிறாள். சிரித்துவிட்டேன். அந்த அண்ணி நான்தான். தங்கை என்று அண்ணன் சலுகை காட்டிவிடக் கூடாதென்று, என் நாத்தனார் தோழியை விட்டுப் படியெடுத்து, தோழியின் விலாசத்திலிருந்து அனுப்பியிருந்தாள். மூலையில் அவர் எழுதியிருந்தார்: ‘எடு. இவரை நான் பார்க்க வேண்டும்.’

ஒரு கதை அச்சில் வந்துவிட்டால் வெளியூரில் வேலை தேடிக்கொண்டு போய்விடுவேன் என்று அவள் தோழியிடம் சொன்னது முன்பே என் காதில் விழுந்திருந்தது. எனக்கு நாலு மாதக் கைக்குழந்தை. மாமியார் படுத்த படுக்கை. என் இடத்தில் யார் இருந்தாலும் யோசித்திருப்பார்கள். ‘வேண்டாம்’ என்று கடிதம் போட்டேன். எழுதியவர் வேறு பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டாராம் என்று என் கணவரிடம் சொன்னேன். கைக்கு வந்தது போய்விட்டதே என்று ஒரு வாரம் புலம்பினார்.

அடுத்த இரண்டு கதைகளை அவர் கண்ணிலேயே காட்டாமல், முதல் கதையோடு இந்த உறையில் போட்டுவைத்தேன். கடைசிக் கடிதத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதினேன்: ‘உங்களுக்கு எழுத்து வராது. இனி முயல வேண்டாம்.’ கீழே இருந்த கையெழுத்து அசல். அதில் நான் மோசடி செய்யவில்லை.

கடிதம் போய்ச் சேர்ந்த அன்று அவள் சாப்பிடவில்லை. ஆனால் மாமியாருக்கு ஊட்டிவிட்டாள். பிறகு எழுதவுமில்லை, எங்கும் போகவுமில்லை. என் பிள்ளைகள் இரண்டையும் வளர்த்தது அவள்தான். அவள்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். ஒரு குறையும் வைத்ததில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே காபி கொண்டுவந்து வைத்தாள். எப்போதும் வைத்துவிட்டுப் போய்விடுவாள்; இன்று நின்றாள். உறையை இந்தத் தாளால் மூடிக்கொண்டேன்.

“அண்ணி, முப்பது வருஷமா கேக்கணும்னு நெனச்சு நெனச்சு விட்டுட்டேன். வேற பேர்ல நான் அனுப்பின மூணு கதை அண்ணன் காகிதத்துல இருக்கும். பெட்டி போறதுக்குள்ள எடுத்துக் குடுத்துடுங்க, கிழிச்சுப் போட்டுடறேன். அண்ணனே வேணாம்னு ஒதுக்கினதை நாலு பேர் படிக்க வேணாம்.”