அடைத்த வழியில் கை காட்டியது யார்

என் பெயரும் விலாசமும் முதல் பக்கத்தில் எழுதியிருப்பது சரி. வயது நாற்பத்தாறு. நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்ததை நான் சொன்ன பிறகு அடித்துத் திருத்தினார்கள். தொழில், வாகனங்களுக்கு சீட் தைப்பது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நானும் என் கணவரும் கடை வைத்திருக்கிறோம். ரெக்சினை வெட்டுவது நான், தைப்பது அவர். காட்டுப்பாதையில் ஜீப் ஓட்டுபவர்களின் சங்கத்தில் ஆறு வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். அந்தப் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை, தலையில் கட்டிவிட்டார்கள். சங்கத் தலைவர் என் உடன்பிறந்த தம்பி. அவனைக் கர்னல் என்று கூப்பிடுவார்கள். அவன் எந்தப் படையிலும் இருந்ததில்லை. தொப்பியில் நட்சத்திரம் தைத்துக்கொண்டதால் வந்த பெயர். அதைத் தைத்துக் கொடுத்ததும் எங்கள் கடைதான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மலைச்சரிவில் எங்கள் சங்கத்து உறுப்பினரான பல் டாக்டர் ஒருவர் ஓட்டிய ஜீப் கவிழ்ந்து என் கணவரின் வலது கை நசுங்கியது தொடர்பாக, அந்த இடத்தில் ஜீப்பை ஏற்றும்படி கை காட்டியது யார் என்று என்னிடம் கேட்கப்பட்டது. கர்னல்தான் காட்டினார் என்கிறார் டாக்டர். யாரும் காட்டவில்லை, டாக்டர் தன் இஷ்டத்துக்கு ஏற்றினார் என்று கர்னலும் மற்ற உறுப்பினர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் என் கணவரிடம் கேட்டதற்கு ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கிறார். ஆகவே டாக்டர் மேல் வழக்குப் போடப் போவதாக அறிகிறேன். எனக்கு ஞாபகம் இருக்கிறது. சுருக்கமாகச் சொல்லும்படி அதிகாரி கேட்டுக்கொண்டார். முதலிலிருந்து சொன்னால்தான் புரியும் என்று நான் கூறினேன்.

நாங்கள் ஓட்டும் பாதை சங்கத்துக்குச் சொந்தமானது அல்ல. மரக்கடை முதலாளி ஒருவருடைய நிலத்தில் போகிறது. பாதையைப் பராமரித்துக் கொடுத்தால் ஓட்டிக்கொள்ளலாம் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. பராமரிப்பு என்றால் மழைத் தண்ணீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே வாய்க்கால் வெட்டிவிடுவது, டயர் பள்ளங்களில் கல் நிரப்புவது, சாய்ந்த கிளைகளை அறுப்பது. ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுக்கிறோம் என்று வாட்ஸப் குழுவில் போட்டால், நான் எழுதி முடிப்பதற்குள் நான் வர்றேன், நாங்க வர்றோம் என்று விழுந்தடித்துக்கொண்டு வருவார்கள். மண்வெட்டியோடு வாருங்கள் என்று போட்டால் ஒரு ஈ காக்கா இருக்காது. ஒருவருக்கு மாமியார் வந்திருப்பார். ஒருவருக்கு ஜீப் சர்வீஸில் இருக்கும். ஜீப் வேண்டாம், இரண்டு கை இருந்தால் போதும் என்று எழுதினால் அதற்குப் பதிலே வராது.

சம்பவத்துக்கு முந்தைய வாரம் பெய்த மழையில், சரிவின் பாதியில் வலப்பக்கம் பிரியும் குறுக்கு ஏற்றம் அரித்துப்போய், மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. கீழே இருந்து வருகிறவர்களுக்கு அது தெரியாது. வழியை அடைத்துவிட வேண்டும் என்று சனிக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டேன். நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார் ஒருவரும் மட்டுமே போனோம். கர்னல் இடுப்பு வலி என்று சொல்லிவிட்டான். அன்று சாயங்காலம் அவன் இறகுப்பந்து ஆடப் போயிருந்தது எனக்குப் பிறகு தெரியவந்தது.

என் கணவருக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. சீட்டின் அடியில், யாரும் குனிந்துகூடப் பார்க்காத இடத்திலும் நூல் பிடித்த மாதிரி தைப்பார். அன்று இரண்டு பெரிய மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டு, அவை உருளாமல் இருபுறமும் பாறைக்கல் அடுக்கி, இடைவெளியில் சிறு கற்களைச் செருகி, கடப்பாரையால் தட்டி இறுக்கினார். எனக்குப் பொறுமை போய், “போதுங்க. வழியை அடைக்கத்தானே போறோம், கண்காட்சியா வைக்கப் போறோம்?” என்றேன். “உருண்டு வந்து யார் மேலயாவது விழுந்துடக் கூடாதுல்ல” என்றார். அதன் பிறகு, கடையிலிருந்து நான் கொண்டுபோயிருந்த மஞ்சள் ரெக்சினில் வழி இல்லை என்று பெரிதாக எழுதி அந்தக் கட்டை மேல் கட்டிவிட்டு இறங்கினோம். குழுவிலும் எழுதினேன். ஒரு முறை அல்ல, அன்று முழுவதும் எழுதினேன்.

வழியில் மரக்கட்டையும் கல்லும் குவித்திருந்தால் உலகத்தில் யாராக இருந்தாலும் வண்டியைத் திருப்புவார்கள். எங்கள் ஆட்கள், பிடிமானம் கிடைத்து அதன் மேலேயே ஏற வேண்டும் என்று டயரில் காற்றைக் குறைப்பார்கள். கடினமான இடம் வேண்டும் என்று காசு செலவழித்துத் தேடிப் போகிற கூட்டம் அது. அதை நான் யோசித்திருக்க வேண்டும் என்று சங்கத்தில் இப்போது சொல்கிறார்கள். ரெக்சினில் எழுதி வைத்தது பின்னே எதற்கு என்று நான் கேட்கிறேன்.

இங்கே கைகாட்டி என்றால் யார் என்பதையும் பதிவு செய்யச் சொன்னேன். மேடு பள்ளத்தில் ஏறும்போது ஓட்டுகிறவருக்குத் தன் முன் சக்கரம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆகவே அனுபவமுள்ள ஒருவர் வண்டிக்கு முன்னால் நின்று கையால் இடம், வலம், மெதுவாக, நிறுத்து என்று காட்டுவார். அவர்தான் கைகாட்டி. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்தான் காட்ட வேண்டும். சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கு ஒன்று கத்துவார்கள், அதைக் காதில் போட்டுக்கொண்டால் வண்டி கவிழ்ந்துவிடும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கைகாட்டியின் கையைத் தவிர எதையும் பார்க்காதீர்கள், யார் கத்தினாலும் திரும்பாதீர்கள், நான் கத்தினாலும் திரும்பாதீர்கள் என்று சொல்வேன். பல் டாக்டருக்கும் சொன்னேன். அவர் சங்கத்தில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஒரு விஷயத்தை நூறு விதமாகக் கேட்டு என் உயிரை வாங்குவார். அவருடைய மண்வெட்டியில் விலைச் சீட்டுகூட இன்னும் கிழிக்கப்படவில்லை.

ஞாயிறு காலை வண்டிகள் வரிசையாகக் கிளம்பின. கர்னல் முன்னால் போனான். கடைசி வண்டி என்னுடையது, ஏனென்றால் நின்றுபோனவர்களையும் வழி தவறியவர்களையும் பொறுக்கிக்கொண்டு வரும் வேலை எப்போதும் என்னுடையதுதான். டாக்டர் புதியவர் என்பதால் துணைக்கு அவர் ஜீப்பில் போகும்படி என் கணவரிடம் நான் சொன்னேன். முன் சீட்டில் டாக்டரின் கேமராப் பெட்டி பெல்ட் போட்டு உட்கார வைக்கப்பட்டிருந்ததால், இவர் பின்னால் வலப்பக்கம் உட்கார்ந்தார். அது மேல் மூடி இல்லாத, இரும்புக் கம்பிச் சட்டம் மட்டும் உள்ள ஜீப்.

அதன் பிறகு, சரிவின் பாதியில் ஒருவருடைய ரேடியேட்டர் சூடாகி நின்றுவிட்டதால் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மேலே வளைவுக்கு அப்பால் கைதட்டலும் விசிலும் கேட்டன. வாக்கி டாக்கியில் கர்னலைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. என் குரல் ஓயாமல் வந்துகொண்டிருந்ததால் சத்தத்தைக் குறைத்து வைத்ததாகப் பிறகு சொன்னான். அதன் பிறகு தண்ணீர்க் கேனை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வளைவைத் தாண்டியதும், நாங்கள் அடைத்த வழியின் மேல் டாக்டரின் ஜீப் முன் சக்கரங்களை ஏற்றியிருப்பதையும், கட்டைகளுக்கு அந்தப் பக்கம் ஓரமாகப் பாறை மேல் பள்ளத்துக்கு முதுகு காட்டி நின்று என் தம்பி இரண்டு கையாலும் வா, வா என்று காட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்தேன். என்னைச் சுற்றி உறுப்பினர்கள் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் பின்னாலிருந்து டாக்டரின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். நிறுத்துங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். டாக்டர் திரும்பவில்லை. ஜீப் மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் தலை குப்புற இறங்கி, வலப்பக்கமாகச் சாய்ந்து பள்ளத்தில் விழுந்தது. பக்கக் கம்பியைப் பிடித்திருந்த என் கணவரின் கை கம்பிக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

அதன் பிறகு என் ஜீப்பை மேலே கொண்டுவந்து, இழுவைச் சங்கிலியை மாட்டி, கவிழ்ந்த வண்டியைத் தூக்கிப் பிடித்து அவரை வெளியே எடுத்தோம். படம் எடுத்தவர்களை நான் பெயர் சொல்லித் திட்டிய பிறகுதான் அவர்கள் கைபேசியைப் பையில் போட்டுவிட்டுக் கை கொடுத்தார்கள். அவரைப் படுக்க வைக்க யாரோ ஒரு துணியை விரித்தார்கள். அந்தத் துணி மஞ்சள் ரெக்சின். ஓரத்தைத் திருப்பினேன், என் எழுத்து இருந்தது. இதை யார் அவிழ்த்தது என்று கேட்டேன். “நான்தான் எடுத்தேன்க்கா, உட்கார நல்லா இருந்துச்சு” என்றான் கர்னல். எழுதியிருந்ததைப் பார்க்கவில்லையா என்றேன். “பார்த்தேன். போன தடவையோட போர்டுன்னு நினைச்சேன். மாமா கட்டின நேர்த்தியைப் பார்த்தா, நாம வண்டி ஏத்திப் பார்க்கிறதுக்குன்னே புதுசா கட்டின தடை மாதிரிதானே இருந்துச்சு” என்றான். அவன் நாங்கள் வேலை செய்த அன்று வந்திருந்தாலோ, நான் குழுவில் எழுதியதில் ஒரு வரியைப் படித்திருந்தாலோ இது நடந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் என்னிடம் வந்தார். அவர் நெற்றியில் கட்டுப் போட்டிருந்தது. “நீங்க நிறுத்தச் சொன்னது கேட்டுச்சு மேடம். சாரும் பின்னாடியிருந்து அடைச்ச வழின்னு சொன்னார். ஆனா கைகாட்டியைத் தவிர யாரையும் கேட்காதீங்கன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க” என்றார். குற்றம் சாட்டுகிற மாதிரி அவர் சொல்லவில்லை, சரியாகச் செய்தேனா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னார். ஆறு வருடமாகக் கழுதையாகக் கத்தி நான் சொன்ன விதிகளில் ஒன்றையாவது அப்படியே கேட்டு நடந்த ஒரே ஆள் அவர்தான். இப்போது அவரைத்தான் குற்றவாளி என்கிறார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் எல்லோருடைய கைபேசியிலிருந்தும் படங்கள் அழிந்துபோயின. அழிக்கச் சொன்னது கர்னல். மறுநாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், “அக்கா, எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிட்டோம். நீ மட்டும் குட்டையைக் குழப்பாதே. டாக்டருக்கு என்ன, வசதியான ஆளு, சமாளிச்சுக்குவார்” என்றான். அவர் உன் கையைப் பார்த்துத்தானேடா ஏற்றினார் என்றேன். “அவருக்குக் கண்ணு இல்லையா?” என்றான். அதற்கு நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது என்று அதிகாரி கூறினார்.

என் கணவர் மறந்துவிட்டதாகச் சொன்னது பொய். அவர் என்னிடம், “விடும்மா. உன் கூடப் பிறந்தவன். அவனைக் கொண்டுபோய் நிறுத்தினா என் கை பழையபடி ஆயிடுமா?” என்றார். மூன்று விரல்களில் உணர்வு வருமா என்பதை எலும்பு டாக்டரால் இப்போது சொல்ல முடியவில்லை. தம்பி மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. எனக்கு ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். அவன் ஒரு முறை, அக்கா நான்தான் காட்டினேன், தப்புதான் என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவன் சொல்லவில்லை. இன்றைக்கு என்னை இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டதும் அவன்தான், வழியெல்லாம் அடுத்த மாதம் எந்தப் பாதையில் போகலாம் என்று பேசிக்கொண்டு வந்தான்.

ஆகவே கேட்ட கேள்விக்கு என் பதில் இது. அடைத்த வழியில் ஜீப்பை ஏற்றும்படி கை காட்டியது கர்னல் என்று அழைக்கப்படும் என் தம்பி. நான் கண்ணால் பார்த்தேன். டாக்டர் சொல்வது உண்மை.

இவ்வளவையும் அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானாகச் சொன்னேன், அத்தனையும் உண்மை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், என் கணவரின் வாக்குமூலத்தையும் மேஜை மேல் பார்த்தேன். அதன் அடியில் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறது, பக்கத்தில் கைநாட்டு என்று எழுதியிருக்கிறது. அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர், வலது கையால் பேனா பிடிக்க முடியாததால்தான் ரேகை வைத்திருக்கிறார். அதையும் இதில் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டேன். எழுதப்பட்டது.

(ஒப்பம்)