படையல்ல என்ன வச்சோம்

— திருப்பிச் சொல்லு கவிஷா. நான் குளிச்சிட்டு வாரேன், நீ போன்ல கேம் வெளையாடிக்கிட்டு "சரிண்ணே"ங்கிற. யாரு அந்த அண்ணே?

— அண்ணன்தாம்மா.

— எந்த அண்ணன்?

— நம்ம அண்ணன்.

— அறைஞ்சேன்னா பல்லு கொட்டிடும். உங்கண்ணன் மோட்டோர் சைக்கிள்ல அடிபட்டுப் போயி ரெண்டு வருசம் ஆவுது. செத்தவன் கேம் வெளையாடுவானா?

— வெளையாடுறாரும்மா. பெத்துல், நெசமாத்தான், சாமி சத்தியமா. அதே ஐடி, அதே புலி படம். தீபாவளி கழிச்சு ஒரு நாளு அண்ணன் பேரு பக்கத்துல பச்ச லைட்டு எரிஞ்சிச்சு. "பூச்சி, சாப்டியா"ன்னு மெசேஜ் வந்துச்சு.

— பூச்சின்னானா?

— ஆமா.

— அது அவன் உனக்கு வச்ச பேருல்ல... குரல் கேட்டியா? அவன் குரலா?

— மைக் கெட்டுப் போச்சாம்லா. டைப் மட்டும்தான் பண்றாரு.

— வேற என்னல்லாம் சொன்னான்?

— நம்ம பழைய நாயி கெணத்துல விழுந்தது. எஸ்டேட்டு கோயில் திருவிழாவுல நான் தொலைஞ்சு போயி அழுதது. நீ மீன்கறிக்குப் புளிய அள்ளி ஊத்துறது. எல்லாம் தெரியுதும்மா அவருக்கு.

— முருகா! சரி, நீ என்ன குடுத்த அவனுக்கு?

— ஒன்னும் குடுக்கலியே.

— கவிஷா.

— போட்டோ. யூனிபார்ம் போட்டு ஒன்னு. எவ்வளவு வளந்துட்டேன்னு பாக்கணும்னாரு.

— அப்புறம்?

— யாருகிட்டயும் சொல்லாதன்னாரு. சொன்னா அவரால திரும்பி வர முடியாதாம்.

— இன்னும் ஏதோ இருக்கு. மொகத்துலயே தெரியுது. உங்கப்பா பீடோர் டவுனுலேருந்து லோரிய ஓட்டிக்கிட்டு வாரதுக்குள்ள சொல்லிடு.

— நாளைக்கு ஸ்கூல்ல சாயங்காலம் கோக்கோ பயிற்சி முடிஞ்சதும் பின் கேட்டுக்கு வரச் சொன்னாரு. எஸ்டேட்டு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறாராம். நான் மட்டும் தனியா வரணுமாம்.

— எஸ்டேட்டுக்கா? லயத்து வீட்டையெல்லாம் இடிச்சு செம்பனை நட்டாச்சு, அங்க கோயிலத் தவிர என்னடி இருக்கு? கத்துனாலும் கேக்க ஆளு கெடையாது! நீ என்ன சொன்ன?

— அதான்... சரிண்ணேன்னு.

— ஐயோ! இங்க வா, பக்கத்துல உக்காரு. உங்கண்ணன் அந்தக் கேமுக்குள்ள எத வச்சுப் போனான்? ஹேண்ட்போன் நம்பர்தானே?

— ம்.

— அவன் போனப்புறமும் நான் அந்த நம்பருக்கு டாப்-அப் போட்டுக்கிட்டேதான் இருந்தேன். உங்கப்பாதான், யாரு பேசப் போறா அதுல, விடு சரளான்னாரு. விட்டுட்டேன். நான் வேலை செய்யிற சாப்பாட்டுக் கடை ஜெய்னம்பு அக்கா மகன் ஷாஃபி, ஹேண்ட்போன் ரிப்பேர் பண்றானே, அவன் ஒரு நாளு சொன்னான். அப்படி செத்துப் போன நம்பர வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். எவனோ கட்டையில போறவன் கைக்குப் போயிருக்கு அது. அத வச்சு உள்ள பூந்து, அண்ணனும் தங்கச்சியும் அடிச்சுக்கிட்ட பழைய மெசேஜ் பூரா படிச்சிருக்கான்.

— அப்ப அந்த நாயி, திருவிழா...

— எல்லாம் நீங்களே எழுதுனதுதான். அவன் படிச்சுப் படிச்சு ஒப்பிக்கிறான்.

— அம்மா, மெசேஜ் வருது.

— என்னவாம்?

— "பூச்சி, அம்மா பக்கத்துல இருக்காங்களா"ன்னு கேக்குறாரு.

— அம்மாவக் கேக்குறானா?

— பிளாக் பண்ணவா? அம்மா? ஏம்மா அழுவுற?

— இரு.

— இப்பத்தானே எவனோன்னு சொன்ன.

— இருடி! ஒன்னே ஒன்னு கேளு. பதினாறாம் நாளு அம்மா படையல்ல என்ன வச்சாங்கன்னு கேளு. அவன் போனப்புறம் வச்சது, எந்த மெசேஜுலயும் இருக்காது. வந்து தின்னவனுக்குத்தான் தெரியும்.

— வேணாம்மா. பயமா இருக்கு.

— கேளுங்கிறேன்ல!

— கேட்டுட்டேன். டைப் பண்றாரு... இன்னும் டைப் பண்றாரு...

— என்னங்கிறான்?

— பிரியாணி.

— பிரியாணியா?

— "அம்மா வச்ச பிரியாணிய மறக்க முடியுமா"ன்னு போட்டிருக்காரு.

— மீ கோரெங்டி. அவன் எப்பவும் திங்கிற கடையிலயே, முட்டை ரெண்டு போடச் சொல்லி வாங்கியாந்து வச்சேன். பக்கத்துல ஒரு கிளாஸ் ஐஸ் மைலோ. படையல்ல இதெல்லாமான்னு உங்க அத்தை கூட மொணங்குனா.

— அப்ப இது அண்ணன் இல்ல.

— மறந்துருப்பானோ?

— அம்மா.

— அன்னிக்கு வீடு நெறைய கூட்டம் கவி. அந்தப் பக்கம் அவன் எதக் கண்டான், எதத் தின்னான்னு நமக்கு என்ன தெரியும்? இன்னொன்னு கேட்டுப் பாப்போமா?

— ஏம்மா போனப் புடுங்குற? என்கிட்ட குடும்மா.

— ஒன்னே ஒன்னுடி, தங்கம்.

— குடுங்கிறேன்ல! அண்ணன் என்னிக்காச்சும் என்னை "சாப்டியா"ன்னு கேட்டுருக்கானா? என் தட்டுல இருக்குற கோழியத் தூக்கிட்டு ஓடுவான். இது அவன் இல்லன்னு எனக்கு மொத நாளே தெரியும்.

— மொத நாளேவா?

— ம். இந்தா, பிளாக் பண்ணிட்டேன். மெசேஜ் ஒன்னையும் அழிக்கல. போட்டோ புடிச்சு வச்சிட்டு, அப்பா வந்தோன்ன போலீசுக்குப் போலாம். டீச்சர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.

— இவ்வளவு வெவரம் தெரிஞ்சவ, எவனோ ஒருத்தன்னு தெரிஞ்சுக்கிட்டேவா நாளைக்கு வாரேன்னு சொன்ன? உனக்கு என்ன கொறை வச்சோம் இந்த வீட்டுல?

— அண்ணன் பேரச் சொல்லிக் கூப்பிட்டா அவன் உசுரு வாசலத் தாண்டிப் போகாதுன்னு பூசாரி சொன்னாருல்ல. அன்னிலேருந்து நீயும் சொல்றதில்ல, அப்பாவும் சொல்றதில்ல. படத்தைக் கூட அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டீங்க. நான் வாயத் தொறந்தா, ஷ்ஷ்ங்கிறீங்க.

— அதுக்காக...

— பவித்ரன்னு நான் சொன்னா, திரும்பப் பேச அந்த ஆளு ஒருத்தன்தாம்மா இருந்தான்.