கோழிக்கு இன்னும் தெரியாது

பாகூர் பேருந்தில் என் முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம், "கோழிக்கு இன்னும் தெரியாதுக்கா" என்றாள்.

"இன்னாடி தெரியாது?"

"அத அடை வெச்சுப் பொரிச்ச வாத்துக் குஞ்சுங்க பத்தும் செத்துப்போச்சு. ரெண்டு வாரத்துலயே மளமளன்னு வளந்துடுச்சுங்க, கோழி றெக்கைக்குள்ள அடங்கல. நான்தான் பிரிச்சு, வாசல்ல தனியா கூடை போட்டுக் கவுத்தேன். ராவுல மழை. வாத்துதானே, நனைஞ்சா இன்னான்னு சாக்குகூட மூடலக்கா."

"றெக்கையே மொளைக்கலியேடி. வெறைச்சுப் போயிருக்கும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கோழி அந்தக் கூடையையே சுத்துமே. எடுத்துடு."

"எடுத்துட்டேன். பொழுது சாஞ்சா கூடை இருந்த எடத்துல வந்து, வெறுந்தரையில றெக்கைய விரிச்சு ஒக்காந்துக்குது."